கண் பார்க்கிறதா, நாம் பார்க்கிறோமா: கிரேக்கர்கள் விடாமல் துரத்திய கேள்வி

கையில் இருக்கும் கற்கண்டு வெள்ளையாகத் தெரிகிறது, வாயில் போட்டால் இனிக்கிறது. வெள்ளை வேறு, இனிப்பு வேறு என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, சட்டென்று தெரிகிறது. ஆனால் அது யாருக்குத் தெரிகிறது? கண்ணுக்கு இனிப்பு என்ற ஒன்று இருப்பதே தெரியாது, நாக்குக்கு வெள்ளை தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது அது இல்லை" என்று சொல்வது கண்ணும் இல்லை நாக்கும் இல்லை என்றால் வேறு எது?

இந்த வெள்ளை, இனிப்பு உதாரணம் அரிஸ்டாட்டிலுடையது. கண் ஒன்றையும் நாக்கு இன்னொன்றையும் தனித்தனியே உணர்ந்தாலே போதும் என்றால், நான் ஒன்றையும் நீ இன்னொன்றையும் உணர்ந்தால்கூட அவை வேறு என்பது தெரிந்துவிட வேண்டுமே என்று அவர் கேட்கிறார். அப்படித் தெரிவதில்லை. ஆகவே வேறு என்று சொல்வது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், இரண்டையும் ஒரே கணத்தில் பிடிக்கக்கூடிய ஒன்றாக.

கிரேக்கத் தத்துவத்தில் ஆன்மா என்று பேச்சு எடுத்தாலே சாவுக்குப் பிறகு என்ன, மறுபிறவி உண்டா என்றுதான் பெரும்பாலும் பேச்சு போகிறது. அதுவும் அங்கே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில் அவர்கள் உண்மையிலேயே மண்டையை உடைத்துக்கொண்டது இந்தச் சாதாரணமான இடத்தில்தான் என்று நினைக்கிறேன்: உணர்வது எது, எண்ணுவது எது, அதற்கும் உடம்புக்கும் என்ன தொடர்பு. அங்கே அவர்கள் கண்ட சிக்கல்கள் இன்னும் தீரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹோமரின் காவியங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே ஆன்மா என்பது சாகும்போது உடம்பை விட்டுப் போவது, பாதாளத்தில் நிழலாகத் திரிவது. ஒடிசியஸ் அங்கே போய் இறந்த தன் தாயை மூன்று முறை கட்டிப்பிடிக்கப் பார்க்கிறான், மூன்று முறையும் கைக்குள் எதுவும் இல்லை. உயிரோடு இருப்பவர்கள் கோபப்படுவது, திட்டமிடுவது எல்லாம் நெஞ்சுக்குள் இருக்கும் வேறு சிலவற்றின் வேலை. ஆன்மாவே வாழ்வதற்கும் உணர்வதற்கும் எண்ணுவதற்கும் பொறுப்பு என்ற எண்ணம் பிறகு மெல்ல மெல்லத்தான் வந்தது. மிகப் பழைய தத்துவவாதியான தேலீஸ் காந்தக் கல்லுக்கும் உயிர், அதாவது ஆன்மா, உண்டு, ஏனென்றால் அது இரும்பை அசைக்கிறது என்றாராம். இன்று அது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் உயிர் என்பது ஒன்றைச் செய்யவைக்கும் திறன் என்ற எண்ணம் அதில் இருக்கிறது, அது பின்னால் மிகவும் உதவப்போகிறது.

அடுத்து வந்தவர்கள் பொருள்கள் எப்படி நமக்குள் நுழைகின்றன என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். சிசிலியில் அக்ரகாஸ் நகரத்து எம்பெடோக்ளிஸ், எல்லாப் பொருள்களிலிருந்தும் நுண்ணிய கசிவுகள் எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன, நம் புலன்களில் துளைகள் இருக்கின்றன, துளையின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் கசிவு உள்ளே போனால் உணர்வு உண்டாகிறது என்றார். நிறத்தின் கசிவு காதுத் துளைக்குப் பொருந்தாது, அதனால் காது நிறத்தைக் காண்பதில்லை. டெமாக்ரிட்டஸ் எல்லாம் அணுக்களும் வெற்றிடமும்தான் என்றவர், எனவே அவருக்குப் பார்ப்பதும் ஒருவகைத் தொடுதல்தான்: பொருளுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் காற்று அழுந்தி, அதில் பொருளின் பதிவு விழுந்து, அந்தப் பதிவு ஈரமான கண்ணுக்குள் வருகிறது. இனிப்பு, கசப்பு, நிறம் எல்லாம் வழக்கத்தில் சொல்வது, உண்மையில் இருப்பவை அணுக்களும் வெற்றிடமும் என்ற அவருடைய வாக்கியம் புகழ்பெற்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவரே எழுதிய மறுப்பு. புலன்கள் அறிவைப் பார்த்துப் பேசுகின்றன: எங்களிடம் சான்று வாங்கிக்கொண்டு எங்களையே கவிழ்க்கப் பார்க்கிறாயா, நாங்கள் விழுந்தால் நீயும் விழுவாய். தன் கோட்பாட்டின் பலவீனமான இடத்தைத் தானே இவ்வளவு கூர்மையாகச் சொல்லிவைத்தவர்கள் குறைவு.

தென் இத்தாலியில் குரோட்டன் நகரத்து அல்க்மேயோன் இன்னொரு வழியில் போனார். புலன்கள் எல்லாம் மூளையோடு இணைந்திருக்கின்றன, மூளை அசைந்தாலோ இடம் மாறினாலோ வழிகள் அடைபட்டுப் புலன்கள் செயலிழக்கின்றன என்றார். விலங்குகள் உணர்கின்றன, மனிதன் மட்டும் உணர்வதோடு புரிந்தும் கொள்கிறான் என்ற பிரிவினையும் அவருடையதுதான்.

உணர்வைப் பற்றி இவர்கள் சொன்னதாக நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அரிஸ்டாட்டிலின் மாணவரும் அவருக்குப் பின் லைசியம் பள்ளியை நடத்தியவருமான தியோஃப்ராஸ்டஸ் எழுதிவைத்ததால் தெரிந்தது. அவர் வெறுமனே தொகுத்துவிட்டுப் போகவில்லை, ஒவ்வொருவரையும் குடைகிறார். எம்பெடோக்ளிஸிடம் அவர் கேட்பது இது: துளையில் பொருந்துவதுதான் உணர்வு என்றால், உயிரில்லாத பொருள்களிலும் ஒன்று மற்றொன்றின் துளையில் பொருந்தித்தானே கலக்கிறது, அவை ஏன் உணர்வதில்லை? டெமாக்ரிட்டஸிடம்: ஒரே இடத்தில் பல பொருள்களைப் பார்க்கும்போது அதே காற்றில் அத்தனை பதிவுகள் எப்படி விழ முடியும்? முதல் கேள்விதான் ஆழமானது. உள்ளே நுழையும் வழியை எவ்வளவு துல்லியமாக விவரித்தாலும், நுழைந்த பிறகு அது ஏன் உணர்வாகிறது என்பது அப்படியே மிச்சம் இருக்கிறது. பிற்காலத்தில் ஒளி, விழித்திரை, நரம்பு என்று நாம் கற்றுக்கொண்டதெல்லாம் சேர்ந்த பிறகும் இந்தக் கேள்வியை இன்னும் அதே சொற்களில் கேட்க முடிகிறது.

சரி, பிளேட்டோ. அவருடைய ஆன்மா என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சாக்ரடீஸின் கடைசி நாள், உடம்புக்குள் அடைபட்டு விடுதலைக்குக் காத்திருக்கும் ஆன்மா. அல்லது மூன்று பகுதிகளாகப் பிரிந்த ஆன்மா. ஏதென்ஸின் மதிலுக்கு வெளியே கிடந்த பிணங்களைப் பார்க்கவும் ஆசை, பார்க்க அருவருப்பு என்று தவித்து, கடைசியில் ஓடிப்போய்க் கண்களை அகல விரித்து "இந்தா, நன்றாகப் பார்த்துக்கொள்" என்று தன் கண்களையே திட்டிய லியோன்டியஸின் கதை அங்கேதான் வருகிறது. இவை நிறையப் பேசப்பட்டவை. நான் நிற்க விரும்புவது 'தியேட்டிட்டஸ்' உரையாடலின் நடுவில் வரும் சில பக்கங்களில்.

அறிவு என்பது புலனுணர்வுதான் என்று இளைஞன் தியேட்டிட்டஸ் சொல்லியிருக்கிறான். (அவன் கற்பனைப் பாத்திரம் இல்லை, பின்னாளில் பெரிய கணித அறிஞர்.) சாக்ரடீஸ் அவனிடம், நாம் கண்ணால் பார்க்கிறோமா, இல்லை கண் வழியாகப் பார்க்கிறோமா என்று கேட்கிறார். கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அதற்குக் காரணம் சொல்கிறார்: மரக்குதிரைக்குள் வீரர்கள் உட்கார்ந்திருந்ததுபோல நமக்குள் பல புலன்கள் தனித்தனியே உட்கார்ந்திருந்து, அவையெல்லாம் ஏதோ ஒன்றில், அதை ஆன்மா என்று சொல்லுங்கள் வேறு என்னவென்றும் சொல்லுங்கள், போய்ச் சேரவில்லை என்றால் அது மிகவும் விபரீதமாக இருக்கும். டிராய் நகரத்துக் குதிரையை இங்கே அவர் பயன்படுத்துவது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே குதிரை, உள்ளே ஆளாளுக்குத் தனித்தனி. அந்தக் குதிரை எதையும் பார்ப்பதில்லை. நாமும் அப்படித்தான் என்றால், 'நான் பார்க்கிறேன், நான் கேட்கிறேன்' என்று சொல்ல அங்கே 'நான்' என்று யாரும் இல்லை.

அப்புறம் அடுத்த படி. ஒரு ஒலியையும் ஒரு நிறத்தையும் எடுத்துக்கொள். இரண்டும் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றிலிருந்து வேறு, ஒவ்வொன்றும் ஒன்று, சேர்த்தால் இரண்டு என்று உனக்குத் தெரிகிறது. எந்த உறுப்பு வழியாகத் தெரிகிறது? இரண்டும் உப்பாக இருக்கின்றனவா என்று சோதிக்க முடிந்தால் நாக்கு வழியாக என்று சொல்லிவிடலாம். 'இருக்கிறது', 'வேறு', 'இரண்டு' என்பவற்றுக்கு எந்த உறுப்பு? தியேட்டிட்டஸ் யோசித்து, இவற்றுக்கென்று தனி உறுப்பு எதுவும் இல்லை, ஆன்மா தானே தன் வழியாகவே இவற்றைப் பார்க்கிறது என்கிறான். சாக்ரடீஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சப்பை மூக்கும் பிதுங்கிய கண்ணுமாகத் தன்னைப் போலவே இருக்கும் பையனை, நீ அழகன், அழகாகப் பேசுபவன் அழகன்தான் என்று பாராட்டுகிறார்.

எனக்குத் தெரிந்தவரை, உணர்பவர் ஒருவராக இருக்க வேண்டும் என்பதை ஒரு வாதமாக வைத்த மிகப் பழைய கிரேக்கப் பக்கங்கள் இவைதான். ஆனால் இதற்கு பிளேட்டோ கொடுக்கும் விலை பெரிது. ஒப்பிடுவது, வேறுபடுத்துவது எல்லாம் உடம்பின் துணையில்லாத ஆன்மாவின் வேலை என்றாகிவிட்டால், புலனுணர்வுக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். பிறந்த குழந்தைக்கும் விலங்குக்கும் புலனுணர்வு உண்டு, அதைப் பற்றிய கணக்கீடுகள் வெகு சிலருக்கு, அதுவும் பெரும்பாட்டுக்கும் கல்விக்கும் பிறகே வரும் என்கிறார். அப்படியானால் தன் முன்னால் இருக்கும் இரண்டு பொருளில் எது தின்னத் தக்கது என்று பிரித்தறியும் நாய் என்ன செய்கிறது?

அந்த நாயை மறக்காதவர் அரிஸ்டாட்டில். 17 வயதில் பிளேட்டோவின் பள்ளிக்கு வந்து 20 ஆண்டுகள் அங்கேயே இருந்தவர், பிளேட்டோ கி.மு. 347இல் இறந்ததையொட்டி அங்கிருந்து கிளம்பி ஆசியாமைனர் கரையிலும் லெஸ்பாஸ் தீவிலும் இருந்தபோது மீன்களையும் கணவாய்களையும் அறுத்துப் பார்த்தவர். 'உயிரைப் பற்றி' என்ற நூலில் அவர் தரும் விளக்கம் செடியிலிருந்து தொடங்குவதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். செடிக்கு உயிர் உண்டு: உணவு எடுத்து வளர்ந்து தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும் திறன். விலங்குக்கு அதோடு உணர்வு, அதிலும் மற்றப் புலன்கள் இல்லாமல் போனாலும் தொடுவுணர்வு இல்லாத விலங்கு கிடையாது. மனிதனுக்கு இவற்றோடு எண்ணும் ஆற்றல்.

ஆக, உயிர் என்பது உடம்புக்குள் குடியிருக்கும் இன்னொரு பொருள் இல்லை. கண்ணே ஒரு விலங்காக இருந்தால் பார்வைதான் அதன் உயிர் என்கிறார். பார்வை போன கண் பெயரளவில்தான் கண், கல்லில் செதுக்கிய கண்ணைப் போல. மெழுகும் அதன் வடிவமும் ஒன்றா இரண்டா என்று கேட்பது எப்படித் தேவையில்லாத கேள்வியோ, உடம்பும் உயிரும் ஒன்றா இரண்டா என்பதும் அப்படியே. இவ்வளவு தெளிவாக இதை அவருக்கு முன்பு யாரும் சொல்லவில்லை.

புலனுணர்வுக்கு வரும்போது அவர் டெமாக்ரிட்டஸோடு நேரடியாக மோதுகிறார். நடுவில் வெற்றிடம் மட்டும் இருந்தால் வானத்தில் ஓர் எறும்பு இருந்தாலும் துல்லியமாகத் தெரியும் என்று டெமாக்ரிட்டஸ் நினைத்தார். தவறு, எதுவுமே தெரியாது என்கிறார் அரிஸ்டாட்டில், ஏனென்றால் பொருள் நேராகக் கண்ணைத் தொடுவதில்லை, நடுவில் இருக்கும் காற்றையோ நீரையோ அசைக்கிறது, அதுதான் கண்ணை அசைக்கிறது. நிறமுள்ள ஒன்றைக் கண்ணின் மேலேயே ஒட்டிவையுங்கள், தெரியாது. (வெற்றிடத்தில் ஒளி போகும் என்பது நமக்குத் தெரியும், இந்த இடத்தில் அவர் சொன்னது நிற்காது.) உணரும்போது பொருளின் சடம் இல்லாமல் அதன் வடிவம் மட்டும் புலனுக்குள் வருகிறது, பொன் மோதிரத்தின் முத்திரையை மெழுகு பொன் இல்லாமல் வாங்கிக்கொள்வதுபோல என்கிறார்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து நம் காலத்திலேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது. சிவப்பைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் ஈரம் உண்மையாகவே சிவப்பாகிறது என்பதுதான் அரிஸ்டாட்டில் சொன்னது என்று தத்துவ வரலாற்று ஆய்வாளர் ரிச்சர்ட் சொராப்ஜி வாதிட்டார். இல்லை, கண்ணில் எந்த உடல் மாற்றமும் அங்கே வேண்டியதில்லை, சிவப்பைக் காண்பதே அந்த மாற்றம் என்றார் இன்னொரு ஆய்வாளர் மைல்ஸ் பர்னியட். 1992இல் அச்சான தன் கட்டுரையில் பர்னியட் இன்னும் ஒரு படி போனார்: அரிஸ்டாட்டிலின் சடப்பொருள் இயல்பாகவே உணரத் தயாராக இருக்கும் சடப்பொருள், பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவவாதி டேகார்ட்டுக்குப் பிறகு நம்மிடம் இருப்பது அப்படிப்பட்டது இல்லை, எனவே அவருடைய மனக் கோட்பாட்டை நாம் கைவிடத்தான் வேண்டும். உரைகளைப் படித்தவரை பர்னியட் பக்கம்தான் எனக்கு நியாயம் அதிகம் என்று படுகிறது, ஆனால் கைவிட வேண்டும் என்ற முடிவு முழு நூலுக்கும் பொருந்தாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளையும் இனிப்பும் எங்கே சந்திக்கின்றன என்பதற்கு அரிஸ்டாட்டிலின் விடை, அந்த வேலையும் புலனுணர்வுக்குள்ளேயே நடக்கிறது என்பது. ஐந்து புலன்களும் ஒரே திறனின் கிளைகள், அவை சேரும் இடம் இதயம். கோட்டின் நடுவில் உள்ள ஒரு புள்ளி, புள்ளியாக ஒன்று, ஆனால் இரு பக்கத்துக்கும் எல்லையாக இரண்டு; அதுபோல அந்தத் திறன் ஒன்றாக இருந்தே இரண்டையும் பிரித்தறிகிறது என்கிறார். இந்தப் புள்ளி எனக்கு முழுத் திருப்தி தரவில்லை, அது சிக்கலை அழகாக வரைந்து காட்டுகிறதே தவிர அவிழ்க்கவில்லை. ஆனால் இதனால் நாய்க்கு ஒப்பிடும் திறன் கிடைத்துவிடுகிறது, பிளேட்டோவிடம் அது இல்லை. நாம் பார்க்கிறோம் என்பது நமக்கே தெரிவதையும் இதே திறனுக்குள்தான் வைக்கிறார், அதற்கு மேலே இன்னொரு கண்காணிப்பாளர் வேண்டும் என்றால் அவருக்கு மேல் இன்னொருவர் என்று முடிவில்லாமல் போகும் என்பதால்.

புலன் ஏமாறும் இடங்களையும் அவர் கவனமாகப் பார்த்திருக்கிறார். ஓடும் ஆற்றைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினால் நிற்கும் பொருள்களும் நகர்வதுபோல் தெரியும். இரண்டு விரல்களைப் பின்னிக்கொண்டு நடுவில் ஒரு சிறு பொருளை வைத்து உருட்டினால் அது இரண்டாகத் தோன்றும், கண் ஒன்று என்றே சொல்லும். சூரியன் ஓர் அடி அகலமாகத் தெரிகிறது, நிலப்பரப்பைவிடப் பெரியது என்று உறுதியாக நம்புபவருக்கும் அப்படித்தான் தெரிகிறது. தோன்றுவது ஒன்று, நம்புவது ஒன்று, இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை அவர் இதிலிருந்து எடுக்கிறார்.

எண்ணும் அறிவுக்கு வந்ததும் அரிஸ்டாட்டில் தடுமாறுகிறார் என்றே சொல்வேன். அதற்கு உறுப்பு கிடையாது என்கிறார், அது எல்லாவற்றையும் எண்ணக்கூடியது என்பதால் எதோடும் கலந்திருக்கக்கூடாதாம். 'உயிரைப் பற்றி' நூலின் மூன்றாம் புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயம் மிகச் சிறியது. அதில் நிறங்களை வெளிச்சம் தெரியவைப்பதுபோல எண்ணங்களைத் தெரியவைக்கும் ஓர் அறிவு இருக்கிறது, அது மட்டும் பிரிந்து நிற்கும், அழியாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். யாருடைய அறிவு அது? கடவுளுடையது என்றார் கி.பி. 200 வாக்கில் அலெக்சாண்டர் என்ற உரையாசிரியர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கோர்டோபாவின் இப்னு ருஷ்த் (1126–1198), கற்றுக்கொள்ளும் அறிவும்கூட மனிதர் எல்லோருக்கும் ஒன்றே ஒன்று என்றார். பாரிஸில் அது பெரும் கொந்தளிப்பாகி, 1270இல் ஆயர் அந்தக் கருத்தைத் தடைசெய்தார். அதே ஆண்டு தாமஸ் அக்வினாஸ் எழுதிய மறுப்பின் நடுவில் இருப்பது மிக எளிய ஒரு கூற்று: இந்த மனிதன் எண்ணுகிறான். அறிவு எல்லோருக்கும் பொதுவாக எங்கோ வெளியே இருந்தால், என் மனத்தின் உருவங்களை அது பயன்படுத்திக்கொள்கிறது என்று மட்டுமே சொல்லலாம். அப்போது நான் பார்க்கப்படும் சுவர்போல ஆகிவிடுவேன், சுவரின் நிறத்தைக் கண் பார்க்கிறது என்பதற்காகச் சுவர் பார்க்கிறது என்று யாராவது சொல்வார்களா? சாக்ரடீஸ் கண்ணைப் பற்றிக் கேட்டதை அக்வினாஸ் அறிவைப் பற்றிக் கேட்கிறார்.

இதற்குள் உடற்கூறு வேறு பாதையில் முன்னேறியிருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அலெக்சாண்டிரியாவில் ஹெரோஃபிலஸும் எராசிஸ்ட்ரேட்டஸும் மனித உடல்களை அறுத்து நரம்புகளைக் கண்டுபிடித்து, அவை மூளைக்குப் போவதைக் காட்டினார்கள். ஆனாலும் ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் மனம் இதயத்தில்தான் என்று விடாப்பிடியாக நின்றார். குரல் மார்பிலிருந்து வருகிறது, பொருளுள்ள பேச்சு மனத்திலிருந்து வருகிறது, ஆகவே மனமும் மார்பில் என்பது அந்தப் பள்ளியின் வாதம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் நகரத்து மருத்துவர் கேலன் ரோமில் கூட்டத்துக்கு முன்னால் ஒரு பன்றியைக் கட்டிவைத்து அதன் குரல்வளைக்குப் போகும் நரம்பை இறுக்கினார். கத்திக்கொண்டிருந்த பன்றியின் குரல் நின்றது. அந்த நரம்பு மூளையிலிருந்து வருவது. அரிஸ்டாட்டிலும் ஸ்டோயிக்குகளும் மையம் எங்கே என்பதில் தோற்றார்கள், அல்க்மேயோன் வென்றார்.

மையம் எங்கே என்று தெரிந்ததும் கேள்வி முடிந்துவிட்டது என்று தோன்றும். நம் காலத்துப் பேச்சு முழுக்க அப்படித்தான் இருக்கிறது: மூளை பார்க்கிறது, மூளை முடிவெடுக்கிறது, மூளை நம்மை ஏமாற்றுகிறது. இங்கேதான் அரிஸ்டாட்டிலின் ஒரு வாக்கியம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உயிர் இரக்கப்படுகிறது, கற்கிறது, எண்ணுகிறது என்று சொல்லாமல், மனிதன் தன் உயிரால் இவற்றைச் செய்கிறான் என்று சொல்வது நல்லது என்கிறார். 'உயிர்' இருந்த இடத்தில் 'மூளை'யைப் போட்டுப் படித்தால் போதும். அதே பகுதியில், முதியவர் ஒருவருக்கு இளைஞனின் கண் கிடைத்தால் அவர் இளைஞனைப் போலவே பார்ப்பார் என்கிறார். கண் பழுதானால் கண் பழுது, பார்ப்பவர் அந்த முதியவர்தான். பர்னியட் சொன்னதுபோல அவருடைய சடப்பொருள் நமக்குப் பயன்படாது என்றே வைத்துக்கொண்டாலும் இந்த வாக்கியம் அந்தச் சடப்பொருளைச் சார்ந்திருக்கவில்லை.

2003இல் நரம்பியலாளர் மேக்ஸ் பென்னெட்டும் தத்துவவாதி பீட்டர் ஹேக்கரும் சேர்ந்து எழுதிய பெரிய நூலின் முக்கியக் குற்றச்சாட்டு இதுதான்: முழு மனிதனுக்கு உரியதை அவனுடைய ஒரு உறுப்பின் மேல் ஏற்றிச் சொல்வது குழப்பம். இன்னொரு தத்துவவாதி டேனியல் டென்னெட் இதை ஏற்கவில்லை. பகுதிகளுக்குச் சின்னச் சின்ன அளவில் பார்ப்பது, ஊகிப்பது போன்ற வேலைகளைக் கொடுத்துப் பார்த்தால்தான் முழு ஆள் எப்படிப் பார்க்கிறார் என்பதை விளக்கவே முடியும், இல்லாவிட்டால் 'மனிதன் பார்க்கிறான்' என்று சொல்லி அங்கேயே நின்றுவிடுவோம் என்பது அவர் வாதம். இதில் டென்னெட் சொல்வதற்கு ஆராய்ச்சியில் இடம் உண்டு, வேலையைப் பகிர்ந்துகொடுக்காமல் எந்த இயக்கத்தையும் விளக்க முடியாது. ஆனால் பகிர்ந்துகொடுத்த பகுதிகள் திரும்ப ஒரே ஆளாகச் சேர்வதை அந்த விளக்கம் காட்டியாக வேண்டும், அதைக் காட்டாதவரை சாக்ரடீஸின் மரக்குதிரை வாதத்துக்கு அது பதில் சொன்னதாக ஆகாது.